வரைபடத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி

(ராயபுரத்தில் நடந்த நமது டிரஸ்ட்டின் ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)





போன மாதம் நம் கட்டடத்துக்குப் பின்வீட்டு அக்கா அலுவலகத்துக்கு வந்தார். மீன் வியாபாரம் செய்கிறவர். "தம்பி, டியூஷன் சென்டர் கட்டினது நல்ல காரியம். எங்க பசங்களும் அங்கதான் படிக்குதுங்க. ஆனா உங்க ரெண்டாவது மாடி ஜன்னலைத் திறந்தா நாங்க குளிக்கிற இடம் தெரியுது. வயசுப் பொண்ணு வெளியில வரவே பயப்படுது" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். வாசல் எந்தப் பக்கம், ஒளுச் செய்யும் இடம் எங்கே என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசினோம். அந்த ஜன்னல் யார் வீட்டைப் பார்க்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நம் மார்க்கத்துக்கு இது புதிய விஷயமா? அனுமதி கேட்காமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் கற்பிக்கிறது. காலால் நுழைவது மட்டும் நுழைவது அல்ல. கண்ணால் நுழைவதும் நுழைவதுதான். எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் உருவானபோது ஒருவர் மாடி அறை கட்டினார். அது அண்டை வீட்டாரைப் பார்க்கிறது என்ற செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்குப் போனது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். பக்கத்து வீடு தெரிந்தால் அடைத்துவிடுங்கள் என்று ஆளுநருக்கு அவர்கள் எழுதியதாக ஓர் அறிவிப்பு உண்டு. அந்த அக்காவின் ஹக்கை நாம் அப்படி அளந்து பார்க்கவில்லை.

கட்டி முடித்த பிறகு கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், 18-ஆவது பிரிவில், அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும் புது ஜன்னலை ஊர் வழக்கம் தடுக்கலாம் என்பதை உதாரணமாகவே சொல்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-ல் அப்படியொரு வழக்கத்தை ஏற்றது. நம் சென்னை உயர் நீதிமன்றமோ அந்தக் காலத்தில் ஏற்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பெரிய தீர்ப்புதான். ஆனால் ஜன்னல் எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்லாது. ஆகவே கான்கிரீட் போடுவதற்கு முன்பு, திட்ட அனுமதி கட்டத்திலேயே பேசுவதுதான் நமக்கு நல்ல வழி.

வடசென்னையில் இது இப்போது அவசரமான பேச்சு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அல்ஹம்துலில்லாஹ், நமக்கு எவ்வளவு வசதி! அதில் போகும்போது டோல்கேட், காலடிப்பேட்டை பக்கம் இருபுறமும் மொட்டை மாடிகள் கண்ணுக்கு நேராக வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பகுதியில் 1999 முதல் ஓடும் ரயிலில், குடியிருப்புகளை நெருங்கும்போது பெட்டியின் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். முன்கூட்டி நினைத்தால் வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, சமுதாயக் கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று நம் நெரிசலான தெருக்களுக்குள் பொதுக் கட்டடங்கள் எழும். அவை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு அவை தேவை. அவற்றோடு சில நிபந்தனைகளையும் கேட்போம்: வீடுகளைப் பார்க்கும் ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கட்டும், அல்லது மங்கல் கண்ணாடி போடட்டும். மாடிப்படியும் வராந்தாவும் தெருப்பக்கம் இருக்கட்டும். மொட்டை மாடிச் சுவரை உயர்த்தட்டும். சிசிடிவி கேமரா வாசலைப் பார்க்கட்டும். எதிர்வீட்டுப் படுக்கையறையைப் பார்க்க வேண்டாம்.

வேலை தொடங்கும் செய்தி வந்ததும், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபடத்தைக் கேளுங்கள். தெருவாசிகள் எல்லோரும், எந்த மதத்தவரானாலும், சேர்ந்து கையெழுத்திட்டு, மாநகராட்சிக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் கவுன்சிலருக்கும் மனுக் கொடுங்கள். "தொந்தரவாக இருக்கும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாடி, எந்த ஜன்னல், எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள். கேட்டது அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக ஏறிவிட்டால், பிறகு மீறினால் சுட்டிக்காட்ட உங்கள் கையில் காகிதம் இருக்கும். வாய் வாக்குறுதி இன்ஜினியர் மாறினால் போய்விடும்.

ஆனால் பிறரிடம் கேட்கும் முன் நம் வீட்டைச் சரி செய்ய வேண்டும். பின்பக்க ஜன்னல்கள் நான்கிலும் கீழ்ப்பாதியை அடைத்து, மேலே மங்கல் கண்ணாடி போட இன்று தீர்மானம் முன்மொழிகிறேன். காற்றுக்கு மேல்பகுதி திறந்திருக்கும். வேலை முடிந்ததும் அந்த அக்காவை அழைத்து, அவர் வீட்டு முற்றத்தில் நின்று அவரே பார்த்துச் சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகே கொத்தனாருக்குக் கடைசித் தவணை.

நம்மால் அண்டை வீட்டாரின் நிம்மதி கெடாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.