இரைச்சலை அடக்குவோம்



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அந்தமான் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கிற்று. தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனது. பாரதி பிரசாத் எனும் அம்மையார் தலைமையில் அப்போது போர்ட் பிளேர் நகரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் வானொலியர்கள், தங்கள் கருவிகளைக் கொண்டு நலச்செய்திகளைப் பெருநிலத்திற்கு அனுப்பி வைத்தனர்.

அத்தகைய வேளையில் கேட்பவர் காதில் வெறும் 'கர்ர்' என்ற இரைச்சல் மட்டும் விழுந்தால் என்ன பயன்? ஆகவே, தேர்வு எழுதி உரிமம் பெற்று இத்துறையில் இறங்க விரும்பும் நம் பிள்ளைகள், பேசக் கற்பதற்கு முன் இரைச்சலை அடக்கக் கற்க வேண்டும்.

தொல்லை இரு வகைப்படும். ஒன்று, நமக்கு வருவது. மற்றொன்று, நம்மால் பிறருக்கு நேர்வது.

முதலாவதைப் பார்ப்போம். கைப்பேசி சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. அதில்தான் இரைச்சல் பிறக்கிறது. வீட்டாரிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அடைத்து, நம் கருவியை பேட்டரியில் இயக்கிக் கேட்போம். இரைச்சல் மறைந்தால் குற்றவாளி நம் வீட்டிலேயே இருக்கிறான். ஒவ்வொரு பொருளாகத் திரும்பப் போட்டால் அகப்பட்டுக்கொள்வான். இரைச்சல் மறையாவிட்டால் வெளியில் தேட வேண்டும். விநாடிக்கு ஒருமுறை 'டக், டக்' என்று கேட்டால், யானைக்குப் போட்ட மின்வேலியில் கொடி படர்ந்திருக்கலாம். நாம் வேலியைத் தொடாமல், பொறுப்பாளரிடம் சொல்வோம்.

இனி இரண்டாவது. நாம் பேசும்போது பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியில் நம் குரல் கரகரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் ஏரியல் கேபிளில் இருக்கலாம். பால் மரத்தில் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்கில் சேர வேண்டும். மழையில் பட்டை நனைந்தால் கோட்டை விட்டு வெளியே வழிந்துவிடுகிறது அல்லவா? அதுபோல, கேபிளின் உள்ளே ஓட வேண்டிய அலைச்சக்தி அதன் வெளித்தோலிலும் வழிந்து வீட்டுக்குள் வருகிறது. இதைத் தடுக்க, ஏரியலோடு சேருமிடத்தில் கேபிளை பெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுவர். உள்ளே போகும் சக்திக்குத் தடை இல்லை. வெளியே வழிவதற்குத்தான் தடை. பெரைட்டில் பல வகை உண்டு. நம் அலைவரிசைக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏரியல் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் இருக்கும். அதை லயத்துக் கூரையின் மேல் படுக்கப் போடாமல், முடிந்தவரை உயரமாகவும் விலக்கியும் கட்டுவோம். மின்கம்பிக்கு அருகில் மட்டும் கட்டவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து. 7-இல் பேசும் கருவி 14-இலும் 21-இலும் சிறிது கசியக்கூடும். அதற்கு வடிகட்டி பொருத்துவோம். குறைந்த சக்தியே போதுமென்றால் அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

அண்டை வீட்டார் குறை சொன்னால் கோபம் வேண்டாம். அவர்கள் எதிரிலேயே கருவியைப் போட்டும் நிறுத்தியும் காட்டி, சேர்ந்தே காரணத்தைத் தேடுவோம். வெள்ள நாளில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டிய வீடுகள் இவை. ஓர் இரைச்சலால் அந்த உறவு கெடலாகாது.