நஞ்சியம்மாவின் பாட்டும் நிலமும்

(ஆனைக்கரைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இன்று ஒரு அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் எல்லோருடைய செல்போனிலும் ஒரு பாட்டு ஓடியது நினைவிருக்கும். நாம் உட்காரும் டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார்கள். 'அய்யப்பனும் கோசியும்' என்ற மலையாளப் படத்தின் பாட்டு. பாடியவர் அட்டப்பாடி நஞ்சியம்மா. இருளர் சமூகத்தவர். ஆடு மேய்த்தும் காட்டு வேலை செய்தும் பிழைத்தவர். பாட்டைக் கட்டியவரும் அவரே. இருள மொழி தமிழுக்குப் பக்கத்து வீடு. ஆகவே மலையாளிகளைவிட நமக்கு அது சீக்கிரம் பிடிபட்டது.

பாட்டோடு இன்னொரு படமும் பரவியது. பிருத்விராஜையும் பிஜு மேனனையும் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று அந்த அம்மா சிரிக்கிறார். 'என்ன வெகுளி!' என்று உலகம் கொண்டாடியது. நமக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. சினிமா நடிகரைத் தெரியாதவர் வெகுளி என்றால், அந்த மலையில் எந்தக் கொல்லை யார் பாட்டன் திருத்தியது என்று அறியாத பட்டணத்தார் யாராம்?

படத்தை எடுத்த சச்சி அதே ஆண்டு ஜூனில் காலமானார். 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 30ஆம் தேதி டில்லியில் ஜனாதிபதி திரௌபதி முர்மு கையால் வாங்கினார். கொடுத்தவரும் பழங்குடி, வாங்கியவரும் பழங்குடி. நாமும் மகிழ்ந்தோம். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று ஒரு கலைஞர் கேட்டதும் பெரிய சண்டை மூண்டது. பல பாடகர்கள் அம்மாவுக்காகப் பேசினார்கள். நல்லதுதான். ஆனால் சண்டை முழுவதும் சுருதியைப் பற்றி. நிலத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை.

என்ன நிலம்? அகளியில் தம் கணவர் குடும்பத்துக்கு உரிய நிலம் போலிப் பத்திரத்தால் கைமாறிவிட்டது என்பது நஞ்சியம்மாவின் முறையீடு. எதிர்த்தரப்பும் பத்திரம் காட்டுகிறது. விஷயம் சட்டசபை வரை போயிற்று. 2024இல் அந்த நிலத்தில் உழவு செய்யப் போனவரை வருவாய்த்துறையும் போலீசும் தடுத்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். யார் பத்திரம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்ல. ஜனாதிபதி மாளிகை வரை தெரிந்த ஒரு முகத்துக்கே இந்த நிலை என்றால், பாட்டுப் பாடாத இருளர் குடும்பங்கள் எத்தனை முறை ஆபீஸ் படி ஏறியிருக்கும் என்பதே நம் கேள்வி.

பழங்குடி நிலத்தை மீட்டுத்தர 1975லேயே கேரளம் சட்டம் இயற்றியது. அதற்கு விதிமுறை எழுதவே 1986 ஆயிற்று. 1999இல் வந்த சட்டமோ, வாங்கியவர் இரண்டு ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு வேறிடத்தில் மாற்று நிலம் தரப்படும் என்றது. தாத்தாவின் சமாதி இருக்கும் மண்ணுக்கு மாற்று எது என்று சட்டம் சொல்லவில்லை.

புகழால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண்கள் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தபோது டி.வி.க்காரர்கள் ஓடிவந்தது உதவியது. போனசும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. காமிரா சில முகங்களை மட்டும் பிடித்துக்கொண்டது. பின்னால் பிளவும் மனக்கசப்பும் வந்தன. அந்த முகங்களுக்குப் பின்னே ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதால்தான் பணம் வந்தது. நஞ்சியம்மா உழப் போனபோது அவர் பின்னால் எத்தனை பேர்? பாட்டைக் கேட்ட கோடிப்பேரில் நாமும் இருந்தோமே, நாம் போனோமா?

போகாததற்குக் காரணம் உண்டு. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறோம். 1951இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. மேற்கே இருந்து மலையாளிகள் குடியேறினார்கள். ஆனைகட்டிப் பக்கமாகக் கிழக்கேயிருந்து வந்தவர்கள் யார்? தமிழர்கள். நம்மவர்கள். பிழைக்க வந்த இடத்தில் நம்மை அந்நியர் என்கிறார்கள் என்று இதே மேடையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! அந்த மலையில் அந்நியராகப் போனவர்களில் நாமும் உண்டு. ஏமாற்றி வாங்கியவர் உண்டு. ஏமாந்து வாங்கியவரும் உண்டு. பத்து சென்ட் வாங்க இருபது வருஷக் கூலியைக் கொட்டியவர்களையும் நமக்குத் தெரியும். அவர்களைத் திருடர் என்று சொல்ல நாக்கு வராது.

ஆகையால் கிளை முடிவு செய்திருப்பது இதுதான். அட்டப்பாடியில் நிலம் வாங்கிய நம் குடும்பங்கள் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் பத்திரத்தை எடுத்துவாருங்கள். கரம் கட்டிய ரசீதும் வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாம் படித்துச் சொல்கிறோம். முதன்முதலில் விற்றவர் பெயர் என்ன, அவர் கைநாட்டா கையெழுத்தா, எந்த ஆண்டு என்று பார்ப்போம். இருளர் பெயர் இருந்தால், அவர் பிள்ளைகள் இன்று எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களையும் உட்காரவைத்துப் பேசுவோம். செல்போனில் அந்தப் பாட்டை வைத்திருக்கிறவரின் வீட்டுப் பெட்டியிலேயே அப்படி ஒரு பத்திரம் இருக்கலாம். பயந்துகொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். மாலை நான்கு மணிக்குக் கூட்டம்.