கூட்டத்தை இழுத்தது அதிர்ச்சியா? நம்ம வீட்டுக் கதையா?

   

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "பாலசந்தர் படமா, பாரதிராஜா படமா, அதெல்லாம் கரண்டுக் கம்பி மாதிரி. தொட்டா ஷாக் அடிக்கும். அந்த ஷாக்குக்காகத்தான் கூட்டம் வந்துச்சு" என்றார். ஐயா, நான் ஒண்ணு கேட்கிறேன். கரண்டுக் கம்பியைத் தொட்டவன், மறுநாள் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு, வரிசையில நின்னு, காசு கொடுத்து இன்னொரு தடவை தொடுவானாய்யா? (சிரிப்பு, கைதட்டல்)

தொட மாட்டான். ஆனா அந்தப் படங்களை இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் பார்த்தார்கள்? திரையிலே நடந்தது அவர்கள் வீட்டுக் கதை. அதைச் சொல்லத்தான் எங்கள் அணி வந்திருக்கிறது.

1973. 'அரங்கேற்றம்' வருகிறது. ராமசுப்பு சாஸ்திரிகள் என்று ஒரு வைதிகர். எஸ்.வி. சுப்பையா நடித்தார். வீடு நிறையப் பிள்ளைகள், அடுப்பிலே பூனை. மூத்த பெண் லலிதா வேலைக்குப் போகிறாள். போன இடத்திலே கெட்டுப் போகிறாள். கெட்டுப் போன பிறகும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். தம்பி படிக்கிறான், தங்கைக்குப் பாட்டு, இன்னொருத்திக்குக் கல்யாணம். எல்லாம் அந்தக் காசிலே. எதிர்ப்பு கிளம்பியது. "எங்கள் சமூகத்துப் பெண்ணை இப்படிக் காட்டலாமா" என்று கொதித்தார்கள். அந்தக் கொதிப்பைத்தான் எதிரணி சொல்லிச் சொல்லிக் காட்டியது.

நான் தமிழ் வாத்தியார். எனக்குப் படத்தின் பெயரே போதும். அரங்கேற்றம் என்றால் நமக்கு யார் ஞாபகம் வர வேண்டும்? மாதவி! பன்னிரண்டு வயதிலே சோழ மன்னன் முன்னால் ஆடுகிறாள். பரிசாக மாலை வருகிறது. அந்த மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். ஒரு கூனி அதைக் கையிலே வைத்துக்கொண்டு வீதியிலே நிற்கிறாள். மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன். என்ன நடக்கிறது பாருங்கள்! ஆடியது அந்தப் பிள்ளை. விலை பேசுவது வேறொருத்தி. இளங்கோவடிகள் அன்றைக்கு எழுதிய காட்சிதான், பத்மஸ்ரீ பட்டமெல்லாம் வாங்காத ஒரு லலிதா வீட்டிலே 1973-இல் நடந்தது. (கைதட்டல்) அடிகளை யாராவது அதிர்ச்சி வியாபாரி என்று சொல்வோமா? ஐம்பெருங்காப்பியம் என்று பாடத்திலே வைத்திருக்கிறோம். பரீட்சையில கேள்வி வேற கேட்கிறோம்!

அடுத்த வருஷம், 1974, 'அவள் ஒரு தொடர்கதை'. கவிதா என்கிற பெண்ணாக சுஜாதா. குடிகார அண்ணன், விதவைத் தங்கை, ஓடிப்போன அப்பா. சம்பளக் கவர் ஒன்று, கை நீட்டுகிறவர்கள் அரை டஜன். இதிலே அதிர்ச்சி எங்கே இருக்கிறது? கொலையா, பேயா, பிசாசா? மேட்னி ஷோவுக்குப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அதே கதையைப் பாலசந்தரே தெலுங்கிலே எடுத்தார், ஜெயப்பிரதா நடித்தார். கன்னடத்திலே எடுத்தார், சுஹாசினி நடித்தார். வங்காளத்திலே 'கபிதா' என்று வேறொருவர் எடுத்தார், மாலா சின்ஹா நடித்தார். மொழி மாறியது, சாப்பாடு மாறியது, சேலை கட்டுகிற தினுசு மாறியது. அண்ணன் மட்டும் மாறவில்லை! (சிரிப்பு)

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்தாள். தலையிலே நரை விழுந்துவிட்டது, அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் தொலைக்காட்சியிலே இந்தப் படம் போட்டார்கள். வீட்டிலே எல்லாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பாதிப் படத்திலே அவளுடைய அப்பா எழுந்தார், பெட்டியை அணைத்தார், வாசல் திண்ணையிலே போய் உட்கார்ந்துவிட்டார். "எதுக்குப்பா அணைச்சீங்க"ன்னு கடைசித் தங்கை கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. "நான் போய்த் திரும்பப் போட்டேன் ஐயா, முழுசாப் பார்த்தேன்" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். நடுவர் அவர்களே, ஒரே வீடு, ஒரே படம். அதிர்ச்சி யாருக்கு? அப்பாவுக்கு. அவளுக்கு அது தினசரி நடப்பு. எதிரணி நண்பர்கள் அந்தத் திண்ணையிலே உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். நாங்கள் பெட்டியைத் திரும்பப் போட்டவள் பக்கம். (நீண்ட கைதட்டல்)

அடுத்து 'அபூர்வ ராகங்கள்', 1975. எதிரணியிலே ஒரு அம்மையார், "இது தமிழ்ப் பண்பாடா?" என்று மேசையைத் தட்டினார். மகன் தன்னைவிட மூத்த பெண்ணை விரும்புகிறான். அவளுடைய மகள் இவனுடைய தகப்பனை விரும்புகிறாள். உறவு முறை சொல்லிப் பார்த்தால் தலை சுற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா, தமிழ்ப் பண்பாட்டுக்கு இலக்கணம் எழுதியவர் யார்? தொல்காப்பியர். அவர் ஐந்திணையோடு நிறுத்தினாரா? ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றார், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றார். வயது பொருந்தாத காதலும் அந்தப் பெருந்திணையிலே ஒரு வகை. உரையாசிரியர் இளம்பூரணர் அதையும் பிரித்துக் காட்டுகிறார். ஆண் மூத்து, பெண் இளையவளாக இருப்பது ஒன்று. பெண் மூத்து, ஆண் இளையவனாக இருப்பது இன்னொன்று. பாலசந்தர் என்ன செய்தார்? இரண்டையும் ஒரே படத்திலே வைத்துவிட்டார், டிக்கெட் ஒண்ணுதான்! (பலத்த சிரிப்பு) தொல்காப்பியர் அதை உயர்வு என்று சொல்லவில்லை. ஆனால் உலகத்திலே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். படத்தின் முடிவிலும் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லையே!

இன்னொன்று பாருங்கள். ஒரு படத்துக்கு எல்லாரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. தரை டிக்கெட்டிலே இருக்கிற பையன், புதுசாக கேட்டைத் தள்ளிக்கொண்டு தாடியோடு வருகிறானே ஒருத்தன், அவனைப் பார்க்க வந்தான். ரஜினிகாந்துக்கு அதுதான் முதல் படம். பால்கனிக்காரர் கச்சேரி கேட்க வந்தார். கல்லூரிப் பையன் விடுகதைக்கு விடை தேட வந்தான். நடு வரிசையிலே ஓர் அம்மாள், ஸ்ரீவித்யாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக ஒரு பிள்ளையை வளர்த்தவளுக்குத்தான் அந்த முகத்திலே என்ன இருக்கிறது என்று தெரியும். இத்தனை பேரையும் "ஷாக்குக்கு வந்தவன்" என்று ஒரே மூட்டையில கட்டினா எப்படி ஐயா?

எதிரணி சொன்னதிலே ஒன்றை நான் மறுக்கமாட்டேன். 1978-இல் தெலுங்கிலே 'மரோ சரித்ரா', 1981-இல் அதையே இந்தியிலே 'ஏக் துஜே கே லியே'. கடைசியிலே காதலர் இரண்டு பேரையும் சாகடித்தார். அந்த முடிவுக்கு அன்றைக்கே கண்டனம் வந்தது. சின்னஞ்சிறுசுகள் பார்க்கிற படத்திலே அப்படி ஒரு முடிவு வேண்டாம் என்பதுதான் என்னுடைய கருத்தும். ஆனால் சாவைப் பார்க்கவா கூட்டம் வந்தது? 'மரோ சரித்ரா' நம்ம சென்னையிலே தெலுங்கிலேயே, டப்பிங் கூட இல்லாமல், ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தமிழ்ப் பையன், பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண், பாஷை தெரியாத இரண்டு குடும்பம். சென்னையிலே எத்தனை தெருவிலே அந்தச் சண்டை நடந்திருக்கும்!

இன்னும் ஒன்று. அதிர்ச்சிக்கு வருகிற கூட்டம் முதல் நாளே வரும். பாலாவின் 'சேது' 1999-இலே வந்தபோது என்ன ஆனது? வாங்க ஆளில்லாமல் கிடந்த படம். முதலிலே தியேட்டர் காலி. பார்த்தவன் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னான், அவன் போனான், அப்புறம்தான் ஹவுஸ்ஃபுல் பலகை வந்தது.

எதிரணியிலே 'வேதம் புதிது' படத்தை, 1987-இலே வந்தது, "ஊரைக் கிளப்பிவிட்ட படம்" என்றார்கள். சத்யராஜ் அதிலே பாலுத்தேவர். வேதம் பேசுகிறவர்களைக் கிண்டல் பண்ணுகிற மனுஷன். அவரிடம் ஓர் அந்தணச் சிறுவன் ஒரு கேள்வி கேட்கிறான். பாலு என்பது உங்கள் பெயர், சரி. பின்னாலே இருக்கிற தேவர், நீங்கள் படித்து வாங்கின பட்டமா என்கிறான். மதுரை, தேனிப் பக்கம் அந்தப் படம் ஓடியபோது கொட்டகையிலே உட்கார்ந்திருந்தவர்களிலே எத்தனை பேர் பெயருக்குப் பின்னாலே அந்த மாதிரி வால் இருந்திருக்கும்! எடுத்தவரும் அதே அல்லிநகரத்துக்காரர். அடுத்தவன் வீட்டைப் பார்த்துக் கல் எறியவில்லை, தன் வீட்டுக் கூரையிலேயே எறிந்தார். ஜனங்கள் எழுந்து போகவில்லை ஐயா. உட்கார்ந்து பார்த்தார்கள், கை தட்டினார்கள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குப் பின்னால் பேச எங்கள் அணியிலே இன்னொருவர் காத்திருக்கிறார். கரண்டுக் கம்பிக்குப் பதிலை மட்டும் எதிரணி மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.  (கைதட்டல்)