கருவூலத்துச் சாவியும் கரும்புத் தோட்டத்துப் பூவும்

(கோவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைப்பைக் கேட்டதும் மலைத்திருப்பீர்கள். ஆராய்ச்சிக்கும் நமக்கும் என்ன தொடர்பு? கண்ணாடிக் குழாயும் காகிதக் கட்டும் சுமந்து திரியும் பேராசிரியப் பெருமக்கள் பேச வேண்டிய பேச்சல்லவா இது! கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு, மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஓடி வந்தவன் பேசலாமா? பேசலாம். கூடத்துக்குள்ளே நடப்பது அவர்கள் அறிந்தது. கூடத்தின் கதவைத் திறக்கும் சாவி எவர் இடுப்பிலே தொங்குகிறது என்பது, வாக்குச் சீட்டு வைத்திருக்கிற நாம் அறிய வேண்டியது.

மருதமலை அடிவாரம் வரை போய் வருகிறவர்கள், வழியிலே வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வயல்களையும், கரும்பு இனப்பெருக்கு நிலையத்தையும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, நல்ல காற்று, நல்ல நிழல் என்று சொல்லியிருப்பீர்கள். நிழலா? இந்தியாவின் சர்க்கரைச் சரித்திரமே அங்கே நிற்கிறது, தோழர்களே!

1912-ஆம் ஆண்டு. இந்த நாட்டு மக்கள் தின்ற வெள்ளைச் சர்க்கரையில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து கப்பலேறி வந்த காலம். வடநாட்டுக் கரும்போ, விரல் பருமன். தென்னாட்டுத் தடித்த கரும்போ, வடக்கின் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்காது. என்ன செய்வது? கரும்பு, கோவைத் தட்பவெப்பத்திலே தாராளமாகப் பூக்கும், விதை பிடிக்கும் என்று கண்டார்கள். அந்தப் பூவுக்காகவே நிலையத்தைக் கோவையிலே வைத்தார்கள். பார்பர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானியும், நம்மவர் டி. எஸ். வெங்கட்ராமனும், ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பையும், ஆற்றங்கரையிலே தானாக முளைத்துத் தலையாட்டும் பேய்க்கரும்பையும் கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாபுக்குப் போயிற்று. பட்டினத்தடிகளுக்குத் திருவொற்றியூரிலே பேய்க்கரும்பு இனித்தது என்பது செவிவழிக் கதை. பஞ்சாப் விவசாயிக்கு அது இனித்தது, கோவையிலே நடந்த ஆராய்ச்சியால்.

ஆனால், அறிவு மட்டுமா அந்த வெற்றியைத் தந்தது? 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜாவா சர்க்கரைக்கு எதிராக வரிச் சுவர் எழுந்தது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள், நான்கைந்து ஆண்டுகளிலே நூற்று முப்பதைத் தாண்டின. கோவைக் கரும்பு இல்லாவிட்டால், சட்டம் எழுப்பிய ஆலைகளுக்கு அரைக்கச் சரக்கு இருந்திராது. சட்டம் இல்லாவிட்டால், கோவைக் கரும்பு வெல்லப் பானையோடு நின்றிருக்கும்.

இனி பருத்திக்கு வருகிறேன். பஞ்சாலைச் சங்கொலி கேட்டு விழித்த ஊரிலே பருத்தியைப் பேசாமல் போகலாமா? 1923-இல் இந்தியப் பருத்தித் தீர்வைச் சட்டம் போட்டார்கள். ஆலைக்குப் போகும் பொதிக்கும், கப்பலுக்குப் போகும் பொதிக்கும் அணாக் கணக்கிலே ஒரு சிறு தீர்வை. வசூலான பணம் பொதுப் பெட்டியிலே போய் மறையவில்லை. இந்திய மத்திய பருத்திக் குழுவிடம் போயிற்று, ஆராய்ச்சிக்கென்றே போயிற்று. எவர் தயவும் வேண்டியதில்லை. பொதி உருண்டால் பணம் உருளும். பணம் உருண்டால் ஆராய்ச்சி நடக்கும். 1940-இல் விளைபொருள் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் விளைபொருளின் மதிப்பிலே நூற்றுக்கு அரை பங்கு, வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்துக்கு. 1982-இல் சர்க்கரைக்கும் ஒரு வளர்ச்சி நிதி. ஆராய்ச்சிக்கும் அதிலே இடம். வெள்ளைக்காரனிடம் நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு; அந்த ஆராய்ச்சித் தீர்வையின் அமைப்பைப் பற்றி மட்டும் வழக்கில்லை. உழவன் விளைத்ததிலே ஒரு துளி, உழவனுக்கான அறிவுக்கே திரும்பியது.

இன்று அந்தத் துளிகள் எங்கே? பருத்திக் குழு 1960-களிலேயே கலைக்கப்பட்டது. விளைபொருள் தீர்வைச் சட்டம் நீக்கப்பட்டது. சர்க்கரைத் தீர்வை, சரக்கு சேவை வரி வந்த 2017-இல் போயிற்று. இனி ஆண்டுதோறும் நிதியமைச்சரின் பேனா முனையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

“தீர்வையெல்லாம் ஒழிந்துவிட்டதா? நல்லதுதானே!” என்பார் எவரேனும். ஒழிந்தது சிறிய தீர்வைகள். பெரியது இருக்கிறது. 2004-இல் கல்விக்கென்று நூற்றுக்கு இரண்டு. 2007-இல், இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று இன்னொன்று. 2018-இல் சுகாதாரமும் சேர்ந்து நான்கு. வருமான வரி செலுத்தும் ஒவ்வொருவரும், அந்த வரியின் மேலே இதையும் செலுத்துகிறார். செலுத்திய பணம் என்ன ஆயிற்று? நான் சொன்னால், மேடைப் பேச்சு என்பீர்கள். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் சொன்னதைச் சொல்கிறேன். உயர்கல்வித் தீர்வை என்று 2006-07 முதல் 2016-17 வரை வசூலான தொகை 83,497 கோடி ரூபாய். அதைப் போட்டு வைக்கத் தனி நிதிக் கணக்கே அதுவரை திறக்கப்படவில்லை! உண்டியல் குலுக்கினார்கள், உண்டியலுக்கு அடியில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்குகிறவர், உள்நாட்டு ஆராய்ச்சிக்கென்று நூற்றுக்கு ஐந்து கட்ட வேண்டும் என்று 1986-இல் ஒரு சட்டம். நல்ல சட்டம்! 1996-97 முதல் 2016-17 வரை வசூல், 7,885 கோடி. அந்த நோக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது, 609 கோடி. நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை. 2017-இல் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது.

மாநிலத்தின் பங்கு என்ன என்று கேட்கிறீர்களா? அங்கேதான் அரசியல் சட்டத்தின் 270-ஆம் பிரிவு நின்று கைகாட்டுகிறது. மைய அரசின் வரிகளிலே மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. தீர்வைக்கும் மேல்வரிக்கும் இல்லை. ஆகவே, கோவையிலே சம்பளம் வாங்குகிறவர் கல்விக்கென்று கட்டும் காசு, டில்லி போய்ச் சேரும். கோவைப் பல்கலைக் கழகத்துக்கு அதிலே உரிமைப் பங்கு என்று ஒரு செல்லாக் காசும் கிடையாது. திட்டம் என்ற பெயரால் திரும்பி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

நாடகக்காரன் அல்லவா! ஒரு காட்சி போடட்டுமா? கற்பனைக் காட்சிதான், பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை.

இடம்: கணக்கு அலுவலகம். காலம்: மார்ச் மாதக் கடைசி.

விஞ்ஞானி: ஐயா! தென்னங்கன்று நட்டிருக்கிறேன். நோயைத் தாங்குகிற இனமா என்று பார்க்க வேண்டும்.

கணக்கர்: மார்ச் 31-க்குள் தெரிந்துவிடுமா?

விஞ்ஞானி: காய்க்கவே ஐந்தாறு ஆண்டு ஆகும், ஐயா.

கணக்கர்: அதெப்படி? பணம் வந்ததே பிப்ரவரியில்! மீதியை மார்ச்சுக்குள் செலவு செய்யாவிட்டால் திரும்பிப் போகும். கன்றை விரைவுபடுத்தக்கூடாதா?

சிரிக்கிறீர்கள். பொள்ளாச்சி, ஆனைமலைத் தோழர்கள் சிரிக்கவில்லையே, கவனித்தீர்களா! அவர்கள் தோப்பிலே 2016-இல் சுருள் வெள்ளை ஈ வந்து இறங்கியது. அதன் பின்னே, கேரளத்தை நூறாண்டுக்கு மேலாக வாட்டும் வேர் வாடல் நோய், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் போல இந்தப் பக்கமும் வந்துவிட்டது. மருந்தில்லை. பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் வெட்டிச் சாய்க்கிறான். தாங்கி நிற்கும் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியிலே கன்று உண்டாக்க வேண்டும். ஆழியாறு நகரிலே தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் தென்னையின் காலண்டர் வேறு, கருவூலத்தின் காலண்டர் வேறு. கரும்பிலே ஒரு புது இனம் வரவே பத்துப் பன்னிரண்டு ஆண்டு. வந்த பிறகும் ஓய்வில்லை. கோவை நிலையத்தின் கர்னால் கிளை தந்த கோ 0238, 2009-இல் வெளியாகி, உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. பிறகு செவ்வழுகல் நோய் வந்து அதையே அரித்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க ஆள் வேண்டும், வயல் வேண்டும், இடையறாத பணம் வேண்டும்.

பணத்தைக் கொடுக்காமல் இருப்பது ஒரு வகை. கொடுத்ததைப் பிடுங்குவது இன்னொரு வகை. அரசு ஆராய்ச்சிக் கூடங்கள் வாங்கும் கருவிகளுக்கு நூற்றுக்கு ஐந்து என்றிருந்த வரிச் சலுகை, 2022 ஜூலை 18-இல் நீக்கப்பட்டது. கருவிக்குப் பன்னிரண்டு, பதினெட்டு என்று ஏறியது. மானியம் கூடவில்லை, விலை கூடியது. பிறகு, ஆராய்ச்சி மானியத்தையே ‘சேவைக்கான கூலி’ என்று கருதி வரி கேட்டார்கள்! டில்லி ஐ.ஐ.டி.க்கு 120 கோடி கேட்டு அறிவிப்புப் போனது, 2024-இல். கூச்சல் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-இல் கூடிய வரி மன்றம், சட்டத்தால் அமைந்த பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சி மானியத்துக்கு விலக்கு அளித்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு, அண்மைக் காலச் சான்று அது.

இப்போது பெரிய மேளம் கொட்டி வந்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. 2023-இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டம். 2008-இல் அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதற்குள் கரைந்தது. தலைவர், பிரதம மந்திரி. ஐந்தாண்டுக்கு ஐம்பதாயிரம் கோடி என்றார்கள். கேட்கவே இனிக்கிறது! கணக்கைப் பிரித்தால், அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி, தொழிலதிபர்களும் கொடையாளிகளும் பிறரும் தருவார்கள் என்ற நம்பிக்கை. தருவார்களா? ஆராய்ச்சிக்குப் பல்கலைக் கழகங்களுக்கு நன்கொடை தந்தால், தந்ததற்கு மேலாகவே வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதை 2017-இல் குறைத்து, 2020-இல் அறவே எடுத்துவிட்டவர்களும் இதே டில்லிக்காரர்கள்தாம். கொடுக்கிற கையைக் கட்டிவிட்டு, கொடு கொடு என்பது என்ன நியாயம்? 2025-இல் ஒரு இலட்சம் கோடி ஆராய்ச்சி நிதி என்று அறிவித்தார்கள். அது பெரும்பாலும் தனியார் தொழில்களுக்குக் குறைந்த வட்டிக் கடன். நம் ஊர்ப் பம்பு, மோட்டார்த் தொழிலுக்கு அதிலே வழி கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால், தென்னை நோய்க்குக் கடன் வாங்கி ஆராய்ந்து, எந்த விஞ்ஞானி வட்டி கட்டுவார்?

இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியிலே நூற்றுக்கு 0.64. கொரியா நான்குக்கு மேல். நம் 0.64-ஐயும் நூறாக வைத்துப் பார்த்தால், மைய அரசின் பங்கு 43.7, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து 6.7. இந்த இடத்திலே, டில்லியை மட்டும் திட்டிவிட்டு நான் இறங்கிவிட்டால் நீங்கள் கை தட்டுவீர்கள், ஆனால் நேர்மையாகாது.

பொதுக் கல்வி, 42-ஆவது திருத்தத்தால் 1976-இல் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. வேளாண்மைக் கல்வியும் ஆராய்ச்சியும் போகவில்லை! மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனமாக இன்றும் நம்மிடமே இருக்கின்றன. 1868-இல் சைதாப்பேட்டையிலே தொடங்கி, 1906-இல் கோவைக்கு வந்த அந்தக் கல்விக் கூடம், 1971 ஜூன் 1-இல் பல்கலைக் கழகமானது, நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால். இந்திய அளவிலான ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களிலே, டில்லி எழுபத்தைந்து போட்டால் நாம் இருபத்தைந்து போட வேண்டும். போடுகிறோமா? உரிய காலத்திலே போடுகிறோமா? பல்கலைக் கழகத்துக்குத் தரும் மானியத்திலே, சம்பளமும் ஓய்வூதியமும் போக, வயலுக்கும் கூடத்துக்கும் மிஞ்சுவது எவ்வளவு? 1968-இல் எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழைப் பருத்தி கோவையிலே பிறந்ததே, அதைப் போல இன்னொன்று பிறக்க எத்தனை பருத்தி விஞ்ஞானிகள் இடம் நிரம்பியிருக்கிறது?

2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கும் வழக்கம் நம் மன்றத்திலே வந்தது. வாசித்த பின், மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அச்சிட்ட புத்தகமாகவே அது கிடைக்கும். கிளைக் கழகத்துக்கு ஒரு படி வாங்கி வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை உட்கார வைத்து, கோவைப் பக்கங்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். பிறகு, உங்கள் தொகுதி உறுப்பினர், நம்மவரோ பிறரோ, ஊருக்கு வரும்போது, மாலையைப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: ஆழியாறு நகர் நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு? அது எந்த மாதம் கைக்கு வரும்? அடுத்த ஐந்தாண்டுக்கும் உண்டா?