நீரிழிவும் நம் குடிவழியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்த நம் முன்னோர், மொழியையும் வழிபாட்டையும் மட்டுமா உடன் கொணர்ந்தனர்? தம் உடலில் உறைந்த மரபணுக்களையும் கொணர்ந்தனர். ஆதலின் இம்மேடையில் நீரிழிவைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கேரளத்தில் 20 வயது நிரம்பியோருள் நூற்றுக்கு 25 பேருக்கு இந்நோய் உண்டென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகின்றது.

“அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரும். இரத்தத்தில் உள்ளதை யார் மாற்றுவது?” என்பார் நம்முள் பலர். இக்கூற்றில் பாதி மெய், பாதி பொய்.

உண்ட சோறு சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகின்றது. சிலர் உடல் சிறிதளவு இன்சுலினுக்கே இசையும். சிலர் உடல் மிகுதியாகச் சுரந்தாலும் எளிதில் இசையாது. இவ்வேறுபாட்டை 1936-இல் இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் எடுத்துக்காட்டினார். இசையாத உடலுக்காக நெடுநாள் மிகையாய் உழைத்துக் கணையம் தளரும்போது இரண்டாம் வகை நீரிழிவு தோன்றுகின்றது.

இவ்விசைவில் மரபணுவுக்கும் பங்குண்டு. பிபிஏஆர்ஜி என்னும் மரபணுவில் ஓரெழுத்து மாறினால், அது ஆக்கும் புரதத்தின் 12-ஆம் இடத்தில் புரோலினுக்கு மாறாக அலனின் அமையும். இம்மாற்றம் உடையவர் இன்சுலினுக்கு நன்கு இசைவதைப் பின்லாந்து மக்களிடையே கண்டு 1998-இல் வெளியிட்டனர். அது நமக்கும் காப்பாகுமா? சென்னை மருத்துவர் மோகன் குழுவினர் அமெரிக்க அறிஞருடன் கூடி, சென்னை மக்களையும் டல்லாஸ் நகரில் குடியேறிய தெற்காசியரையும் ஆராய்ந்து 2006-இல் விடை கூறினர்: வெள்ளையர்க்குக் காப்பான அம்மாற்றம் நம்மவர்க்குக் காப்பாகவில்லை. கடல் கடந்து வாழ்ந்தோரிடத்தும் நிலை அதுவே. பிறர் உடலுக்கு எழுதிய கணக்கு நமக்கு ஒவ்வாது. நம்மை நாமே ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, பொய்யான பாதியைக் காண்போம். டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணுவின் ஒரு வடிவம் கணையத்தின் சுரப்பைக் குறைத்து நோய்க்கு வழிகோலுவது. அதனைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்குங்கூட, உணவைத் திருத்தி உடற்பயிற்சி செய்தபோது அதன் கேடு தணிந்ததென 2006-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அதே ஆண்டில் சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவையும் நடையையும் திருத்தியவருள் 39 பேரே நோயுற்றனர்.

அன்பர்களே! பஜார் சாலையில் மிளகு மூட்டை சுமந்தவரும் நம் குடியினரே. கல்லாவில் அமர்ந்து கணக்கெழுதுபவரும் நம் குடியினரே. மரபணு மாறவில்லை, நடைதான் குறைந்தது. மரபணு நோய்க்கு வழி திறக்கலாம். அவ்வழியே செல்வதும் செல்லாமையும் பெரும்பாலும் நம் கையில் உள்ளன.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் விருந்துக்கு முன் குருதிச் சர்க்கரைச் சோதனைக்கு ஏற்பாடு செய்க. பெற்றோர்க்கு நோயுள்ள இளைஞர் முதலில் வருக. அச்சம் விடுத்து அறிவைத் துணைக்கொள்வோம். வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!