ஈஸ்வரமூலிக்கும் பரீட்சை வேண்டும்

(மருந்தும் பகுத்தறிவும் என்பது பற்றிய சொற்பொழிவு)



சாமி, சாஸ்திரம், சடங்கு இவைகளைப் பற்றிப் பேசி வந்த நாம் இன்று பச்சிலை மருந்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். ஆனால், "முன்னோர் சொன்னது, ஆகையால் கேள்வி கேட்காதே" என்கின்ற பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கே நமக்கு வேலை இருக்கிறது. அந்தப் பேச்சு கோவிலில் இருந்தால் பணம் போகிறது. மருந்தில் இருந்தால் உயிரே போகிறது.

நடந்த சங்கதி ஒன்றைக் கேளுங்கள். பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1990-ஐ அடுத்த வருஷங்களில், உடல் இளைப்பதற்கென்று ஒரு வைத்தியசாலையில் பெண்களுக்குச் சீன மூலிகைத் தூள் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. டாக்டர்கள் விசாரித்து 1993-ல் விஷயத்தை வெளியிட்டார்கள். கெட்டவர்கள் தொகை பிறகு நூறுக்கு மேல் ஏறிற்று. காரணம் என்னவென்றால், "பாங்ஜி" என்று ஏறக்குறைய ஒரே பெயரால் வழங்கும் இரண்டு செடிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்துவிட்டது. வந்தது அரிஸ்டோலோக்கியா என்னும் இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குகிறது. அப்படிக் கெட்டுப்போன சிறுநீரகங்களை எடுத்துப் பார்த்த 39 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது என்று 2000-ல் வெளியாயிற்று.

"அது சீனச் சரக்கு, நமக்கென்ன?" என்பீர்கள். நம் நாட்டு ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான், அதே அமிலம்தான். ஈஸ்வரன் பெயரை வைத்துவிட்டால் விஷம் மருந்தாகிவிடுமா? ஆடு தீண்டாது என்று பெயரிலேயே சொல்லியிருக்கிறதே, ஆட்டுக்கிருக்கிற ஜாக்கிரதை மனிதனுக்கு வேண்டாமா?

இதனால் நம் முன்னோர்களை மோசக்காரர்கள் என்று சொல்லவில்லை. தின்றவுடன் கொல்லுகிற விஷம் அவர்களுக்குத் தெரியும். இதுவோ மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் வேலை செய்கிறது. இன்று சாப்பிட்ட வேருக்கும் பல வருஷம் கழித்து வந்த சாவுக்கும் யார் முடிச்சுப் போடுவது? தலைவிதி என்று சொல்லி எடுத்துப் போய்ப் புதைத்துவிடுவார்கள். சாப்பிட்டவர் எத்தனை பேர், சாப்பிடாதவர் எத்தனை பேர், நோய் யாருக்கு வந்தது என்று கணக்கெடுத்துப் பார்ப்பதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

அந்தக் கணக்கு வந்த பிறகே சர்க்கார்கள் விழித்தன. பிரிட்டன் 1999-லும் தைவான் 2003-லும் இச்செடிகளைத் தடுத்தன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2002-ல் இவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று தீர்மானமாய்ச் சொல்லிற்று. ஆனாலும் மருந்துச் சட்டங்கள் தேசத்துக்குத் தேசம் வேறாய்க் கிடக்கின்றன. அமெரிக்காவில் 1994-ல் செய்த சட்டப்படி, இம்மாதிரிச் சரக்கைச் சத்துணவு என்று விற்கிறவன் முன்கூட்டி அனுமதி பெற வேண்டியதில்லை. கெடுதல் என்று சர்க்கார்தான் ருசுப்பிக்க வேண்டும். கானடாவிலோ 2004 முதல் லைசென்சு இல்லாமல் விற்க முடியாது. ஐரோப்பாவில் 2004-ல் வந்த விதிப்படி, 30 வருஷம் வழக்கத்திலிருந்து, அதில் 15 வருஷம் ஐரோப்பாவிலேயே வழங்கியிருந்தால், குணம் உண்டு என்பதற்குப் புதிதாகப் பரீட்சை கேட்பதில்லை. வழக்கம் ஒரு ருசுவா தோழர்களே? தீண்டாமைகூட எத்தனையோ நூறு வருஷமாய் வழக்கத்திலிருந்ததல்லவா?

அப்படியானால் பச்சிலை எல்லாம் பொய்யா? இல்லை. சீனத்தில் தூ யூயூ என்ற அம்மையார், சுமார் 1600 வருஷத்துக்கு முந்திய வைத்திய நூலில் காய்ச்சலுக்குச் சொல்லியிருந்த ஒரு பூண்டை எடுத்தார். அந்நூல் வேகவைக்கச் சொல்லாமல் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைக் கவனித்து, அதிகச் சூடில்லாமல் சத்தைப் பிரித்தார். மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1972-ல் தாமே சாப்பிட்டும் பார்த்தார். பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதுதான் மலேரியாவுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் ஆர்டிமிசினின் மருந்து. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அம்மையார் நூலைக் கும்பிடவுமில்லை, கொளுத்தவுமில்லை, பரீட்சை செய்தார்.

ஆகவே தோழர்களே! மருந்து கொடுப்பவர் சித்த வைத்தியரானாலும் சரி, இங்கிலீஷ் டாக்டரானாலும் சரி, இதில் என்ன இருக்கிறது, எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், கெடுதல் என்ன என்று கேளுங்கள். சரக்கு கப்பலேறி எல்லாத் தேசத்துக்கும் போகும்போது, பரீட்சையும் எல்லாத் தேசத்துக்கும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக் கொள்ளுகிறவர் மருந்தை வாங்காதீர்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.