முழுகாமல் இருப்பதற்கு முன்



எபிஜெனிடிக்ஸ் பற்றிப் பேசுகிறேன் என்றதும், தஞ்சாவூரில் அதை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அமைப்பாளர் தயங்கினார். ரேஷன் அரிசி வரைக்கும் வந்துவிடுவேன், பயப்படாதீர்கள் என்றேன்.

கருவின் முதுகுப் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் ஒரு திசு, ஓரங்கள் எழும்பி, உட்புறமாக மடிந்து, நரம்புக்குழலாக மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான். மேல்முனை மூடாவிட்டால் மண்டையும் மூளையும் முழுதாக உருவாவதில்லை. கீழ்முனை மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்து நிற்கும். கருவுற்ற 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போவதே கருவுற்று இரண்டு வாரம் கழித்துத்தான். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று வீட்டில் பேச்சு வரும்போது, மூட வேண்டியது மூடியிருக்கும், இல்லையென்றால் இல்லைதான்.

தோலாகப் போகும் செல்லிலும் நரம்பாகப் போகும் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். காவிரியில் ஒரே தண்ணீர்தான் வருகிறது. மடை திறந்த வயல்தானே நனைகிறது? எந்த மரபணு திறக்கும், எது அடைபடும் என்று பார்ப்பதுதான் எபிஜெனிடிக்ஸ். மரபணுவை அடைக்கும் பலகைகளில் ஒன்று, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில். டி.என்.ஏ.யின் சைட்டோசினில் அது போய் ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். ஒட்டவைக்கும் நொதிகளில் ஒன்றைச் சுண்டெலிக் கருவில் இல்லாமல் செய்து பார்த்தார்கள். நரம்புக்குழல் குறைபாடு வந்தது. 1999இல் வெளியான ஆய்வு அது. அந்த மெத்தில் தாயின் சாப்பாட்டிலிருந்து வருகிறது. ஃபோலேட் அதைச் சுமந்து வருகிறது, வைட்டமின் பி12 கைமாற்றிவிடுகிறது. புது டி.என்.ஏ. கட்டவும் ஃபோலேட் வேண்டும் என்பதால், குழலைக் காப்பது இந்த இரண்டில் எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஃபோலேட்டின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை பார்த்தார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். சாற்றிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தலைமை தாங்கிய குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஃபோலேட்டை முடக்கும் அமினோப்டெரினும் அங்கே பிறந்ததுதான். இரத்தப் புற்றுநோய்க்கு வந்த அந்த மருந்தைக் கருக்கலைப்புக்கும் கொடுத்துப் பார்த்தபோது, சில சிசுக்களின் மண்டையும் மூளையும் உருக்குலைந்திருந்தன. 1952இல் இது பதிவானது. குழலைக் காக்க ஃபோலேட் வேண்டும் என்ற பதில் அப்போதே கையில் இருந்தது. உலகம் அதை நம்ப மேலும் 39 ஆண்டு பிடித்தது. நரம்புக்குழல் குறைபாடுள்ள பிள்ளையை முன்பே பெற்ற தாய்மாரிடம், கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வு, மறுபடி வராமல் 72 சதவீதம் தடுக்கிறது என்று 1991இல் காட்டியது.

இனி நம் ஊர்க் கணக்கு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறோம். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் குழல் மூடுவது நாலாவது வாரத்தில். கருத்தரிக்க நினைக்கும் பெண் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. கல்யாணமான கையோடு அதைக் கேட்டுச் செவிலியரிடம் போகிறவர் யார்? பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அதில் 500 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் வார மாத்திரைக்குச் சொல்லும் அளவு 2,800. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

செறிவூட்டிய ரேஷன் அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாளுக்கு 300 கிராம் அரிசி பொங்கினால் ஏறக்குறைய 30. அதையும் வடிகஞ்சியோடு கொஞ்சம் ஊற்றிவிடுகிறோம். நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும் செறிவூட்டிய மணிகள், மாவில் சத்தைச் சேர்த்து அரிசி வடிவில் வார்த்தவை. களையும்போது மிதக்கின்றன, நிறமும் கொஞ்சம் வேறு. பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிகிறார்கள். அவர்களைக் கோபிக்க மாட்டேன். நெல்லோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேற்று மணி கண்ணில் படத்தான் செய்யும். இது என்ன என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

ஃபோலேட்டுக்கு முருங்கைக்கீரையும் பயறும் சேரட்டும். சைவ வீடுகளில் பி12க்குப் பாலும் தயிரும் வேண்டும். இவற்றோடு அரசிடம் நான் கேட்பது இரண்டு: வார மாத்திரையில் ஃபோலிக் அமிலத்தை 2,800 ஆக்குங்கள், தினசரி மாத்திரையைத் திருமணப் பதிவு அலுவலகத்திலேயே கையில் கொடுங்கள்.